மடையில் வைக்காத கால்

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அனகாபுத்தூரில் ஒரு வீட்டில் எனக்கு ஆட்டுக்கறிக் குழம்பு உண்டு. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அந்த வீட்டு அம்மா அடுப்பைப் பற்ற வைப்பார். எனக்கென்று நெஞ்செலும்பாகப் பொறுக்கி எடுத்து வைப்பார். அவருடைய மகனை நான் முதுகில் சுமந்து வந்து காப்பாற்றினேன் என்பதற்காக இந்த உபசாரம். சுமந்தது நிஜம்தான். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது வருடம் சொல்லவில்லை, படையை விட்டு ஊர் திரும்பிய பிறகு மாதாமாதம் சொல்லாமலே சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்றெல்லாம் அளக்க மாட்டேன். நன்றாகவே இறங்கியது, அதுதான் எனக்கு என்மேல் ஆத்திரம்.

முதலில் சொல்லியிருக்க வேண்டியது அந்த அம்மாவிடம்கூட இல்லை, அவர் மகனிடம். தன் வலது கால் போனதற்குத் தன் கவனக்குறைவுதான் காரணம் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். அது அப்படியில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்.

நான் அகரம்தென் பக்கத்து ஆள். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் சொந்தம், இரண்டு ஏக்கர் குத்தகை. ஏரியில் தண்ணீர் நின்றால் நெல், நிற்காவிட்டால் மனை வாங்க வருகிறவர்களின் விசாரிப்பு. பள்ளிக்கூடம் முடித்து மூன்று வருடம் அவரோடு வயலில் நின்றேன். விவசாயம் எனக்குப் பிடிக்காமல் இல்லை, அப்பாவோடு சேர்ந்து செய்வதுதான் பிடிக்கவில்லை. வயலில் அவருக்கு இரண்டே சட்டம். பயிரில் கால் வைக்கக் கூடாது, வரப்பில்தான் நடக்க வேண்டும். வரப்பில் நடக்கும்போது மடையை மிதிக்கக் கூடாது. மேல்வயல் தண்ணீர் கீழ்வயலுக்கு இறங்க வரப்பில் வெட்டிவிட்ட வாய்தான் மடை. அதன் ஓரத்தில் கால் பட்டால் மண் சரிந்து வாய் அகன்றுபோகும், விடிவதற்குள் மேல்வயல் வடிந்துவிடும். எட்டு வயதில் ஒருமுறை மிதித்துவிட்டு மண்வெட்டிக் காம்பால் வாங்கிய அடியின் தழும்பு இன்னும் என் கெண்டைக்காலில் இருக்கிறது. அதற்குப் பிறகு மடை வந்தால் என் கால் தானாகத் தாண்டும். நான் யோசிப்பதற்கு முன்னால் தாண்டிவிடும்.

ஆள்சேர்ப்பு முகாமில் ஓட்டத்தில் முன்னால் வந்தேன். நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடிப் பழகியவனுக்கு மைதானத்தில் ஓடுவது ஒன்றும் பெரிதில்லை. காலாட்படையில் எடுத்துக்கொண்டார்கள். நாட்டுப்பற்று, சீருடை என்றெல்லாம் இப்போது கூட்டங்களில் என்னைப் பேசச் சொல்கிறார்கள். எனக்கு அன்று வேண்டியிருந்தது அப்பாவின் குரல் எட்டாத ஓர் இடம், அவ்வளவுதான்.

அனகாபுத்தூர்க்காரன் எனக்கு அங்கேதான் அறிமுகம். அவன் அப்பா தறி நெய்தவர். ஆற்றங்கரைச் சந்தில் வளர்ந்தவன், அரிசியை ரேஷன் கடையில் பார்த்ததோடு சரி, நெல்லைக் கண்ணால் பார்த்ததில்லை என்று பெருமையாகச் சொல்வான். லீவில் இரண்டு பேரும் தாம்பரத்தில்தான் இறங்குகிறோம் என்று தெரிந்ததும் எங்களை ஜோடி போட்டுவிட்டார்கள். ஜோடி என்றால் ஒருவன் தூங்கும்போது மற்றவன் விழித்திருக்க வேண்டும். ஒருவனுக்கு அடிபட்டால் மற்றவன் தூக்கிவர வேண்டும். ஆபத்தான நிலத்தில் முன்னால் போகிறவன் வைத்த தடத்திலேயே பின்னால் வருகிறவன் காலை வைக்க வேண்டும். அவன் என்னைப் பட்டிக்காடு என்பான். நான் அவன் ஊரைக் கூவம் என்பேன், அது கூவமில்லை அடையாறு என்று ஒவ்வொரு தடவையும் சண்டைக்கு வருவான்.

சண்டை மூண்டபோது எனக்கு இருபத்து நான்கு வயது. வடக்கு எல்லையில் ஒரு மலைச்சரிவில் எங்கள் காவல்சாவடி. எதிர் மலையிலிருந்து பகலில் பத்து குண்டு, இருட்டியதும் நாற்பது என்று விழுந்துகொண்டிருந்தது. சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள். கோதுமை முற்றி நின்றது. ஊர்க்காரர்களைக் காலி செய்து கீழே அனுப்பிவிட்டதால் அறுக்க ஆளில்லை. பதுங்குகுழியின் ஓட்டை வழியாக எதிரியைப் பார்க்கச் சொன்னால் நான் கோதுமையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் பத்து நாள் விட்டால் உதிர்ந்துவிடுமே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. யார் வீட்டுக் கோதுமையோ. என் ஜோடி சிரிப்பான்.

வயல்களுக்கு மேலே மலையில் முள்கம்பி போட்ட பழைய கண்ணிவெடி நிலம் ஒன்று இருந்தது. எங்கள் ஆட்களே எப்போதோ புதைத்தது. மழை பெய்தால் மண்ணோடு சேர்ந்து சில வெடிகள் கீழே சரிந்து வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் இரண்டு நாள் நல்ல மழை.

மழை விட்ட மறுநாள், விடிந்தும் விடியாத நேரத்தில், எங்களைக் கூப்பிட்டார் ஹவில்தார். முன்சாவடியில் இருந்த இரண்டு பேரின் ரேடியோ பாட்டரி செத்துவிட்டது. அவர்கள் பார்த்துச் சொன்னால்தான் குண்டு எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். வழக்கமான பாதையைக் குண்டு பெயர்த்துவிட்டது. இருப்பது ஒரே வழி, ஒரு நீள வயல், இருநூறு மீட்டர், அதன் கடைசியில் முன்சாவடி. ஹவில்தார் என் தோளைப் பிடித்து நிறுத்திச் சொன்னார். வயலின் நடுவிலேயே போ. ஏர் ஓடிய இடம், விதைத்தவன் நடந்த இடம், அங்கே பயமில்லை. ஓரத்துக்குப் போகாதே. வாயைத் திறக்காதே, எதிர்மலைக்குக் கேட்கும்.

நான் முன்னால். பாட்டரி என் முதுகில். அவன் நான்கு அடி பின்னால், தண்ணீர் கேனோடு. மூடுபனி இடுப்பு வரை. வயலில் இறங்கி ஐந்தாறு அடி வைத்தேன். ஒவ்வொரு அடிக்கும் முற்றிய கதிர்கள் என் பூட்ஸுக்குக் கீழே மளுக் மளுக் என்று ஒடிந்தன. அந்தச் சத்தம் என்னால் தாங்க முடியவில்லை. கோதுமை சலசலப்பது எதிரிக்குக் கேட்கும், நடுவில் பாதை விழுந்தால் விடிந்ததும் தெரியும் என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த நிமிடத்தில் எந்தக் காரணமும் இல்லை. விளைந்து நின்ற பயிரை மிதிக்க என் கால் மறுத்தது. மூன்று எட்டு பக்கவாட்டில் வைத்து வரப்புக்கு ஏறினேன். அவனும் ஏறினான். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

வரப்பு ஈரமாக இருந்தது. ஒவ்வொரு அடியும் நன்றாகப் பதிந்தது, பின்னால் வருகிறவனுக்குத் தடம் தெரியும் என்று திருப்திகூடப் பட்டேன். எண்பது அடி போயிருப்போம். வரப்பில் ஒரு மடை. மலைத்தண்ணீர் அதன் வழியாகக் கீழ்ப்படிக்கு இறங்கி, வாயில் புதுமண் சேர்ந்து கிடந்தது. என் கால் தாண்டிவிட்டது. தாண்டி அந்தப் பக்கம் வைத்து, அடுத்த அடியும் எடுத்த பிறகுதான், பின்னால் வருகிறவனுக்கு மடை என்றால் என்னவென்று தெரியாதே என்று தோன்றியது. தண்ணீர் அடித்துக்கொண்டு வருவதெல்லாம் மடைவாயில்தான் தங்கும் என்று எந்த விவசாயிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதுவும் அப்போதுதான் உறைத்தது. திரும்பி, தாண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையையாவது காட்டியிருக்கலாம். திரும்பினேன். அவன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெடித்தது.

பெரிய சத்தம் இல்லை. கனமான கதவை யாரோ அறைந்து சாத்திய மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அவன் மடையில் உட்கார்ந்திருந்தான். கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. துப்பாக்கி வாரைக் கழற்றி அவன் முழங்காலுக்குக் கீழே இறுக்கினேன். ஒரு குச்சியைச் செருகி முறுக்கினேன். அதற்குள் எதிர்மலை விழித்துக்கொண்டது. முதல் குண்டு எங்களுக்கு மேலே விழுந்தது, இரண்டாவது கீழே. மூன்றாவது எங்கே என்று கணக்குப் போட நேரமில்லை. பாட்டரியை அங்கேயே போட்டுவிட்டு அவனை முதுகில் ஏற்றினேன்.

திரும்பி வந்தது நடுவயல் வழியாக. இப்போது கோதுமை ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. வயலையே உழக்கிக்கொண்டு ஓடினேன். அவன் என் காதருகே பேசிக்கொண்டே வந்தான். பேச்சு நின்றால் போய்விட்டான் என்று அர்த்தம், அதனால் நான் பேசு பேசு என்று கெஞ்சினேன்.

"மச்சான், ஒரு ஷூ அங்கயே கீது. எடுக்காம வந்துகினு கீறோம்" என்றான்.

அப்புறம் எடுக்கலாம் என்றேன். அந்தப் பாட்டரியைப் பத்து நிமிடம் கழித்து வேறு இரண்டு பேர் நடுவயலிலேயே போய், கை நீட்டி எடுத்து, முன்சாவடியில் சேர்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விசாரணை ஒரு கூடாரத்தில் நடந்தது. மேஜர் ஒருவர் கேட்டார், எழுத்தர் ஒருவர் எழுதினார். முன்னால் போனது நீயா என்றார். ஆமாம். ஓரத்துக்கு ஏன் போனாய் என்றார். மூடுபனியில் திசை தவறிவிட்டது என்றேன். அது பொய். அடுத்த கேள்விதான் முக்கியம். அவன் உன் தடத்தில்தான் கால் வைத்தானா? நான் இல்லை சார் என்றேன். அது பொய் இல்லை. என் தடம் அங்கே இருந்தால்தானே வைப்பதற்கு. ஏன் இல்லை என்று மேஜர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முன்னால் சென்றவரின் தடத்தைப் பின்பற்றத் தவறியதால் என்று எழுத்தர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதாமல் போய் இரண்டாவது பேனா வாங்கிப் போட்டேன், நிறுத்துவதற்கு அந்த அவகாசமும் எனக்குக் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனபோது அவன் கேட்டது வலியைப் பற்றி இல்லை. உன் தடத்தில்தானே வைத்தேன் என்று கேட்டான். இப்போது அதெல்லாம் எதற்கு, தூங்கு என்றேன். நான் பேச்சை மாற்றியதை அவன் எனக்குள்ள பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டான். தப்பு தன்னுடையது, இவன் சொல்லிக்காட்ட மாட்டேன் என்கிறான் என்று முடிவு செய்துவிட்டான்.

அவனை மருத்துவக் காரணத்தால் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் மேலும் சில வருடம் இருந்துவிட்டு வந்தேன். குரோம்பேட்டையில் ஒரு பொறியியல் கல்லூரியில் பஸ்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அப்பாவின் நிலத்தை விற்றாயிற்று, அதில் எனக்கு வருத்தமில்லை. அவன் தன் வீட்டுக்குப் பக்கத்தில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நல்ல கை. ஆனால் கையிலிருந்து ஒரு ஸ்க்ரூ விழுந்தாலும், நமக்குக் கண்ணு எப்பவுமே தரையில இல்ல மச்சான் என்பான். வண்டி ஓட்ட மாட்டான். தங்கையின் குழந்தையை உட்கார்ந்துகொண்டுகூட மடியில் வாங்க மாட்டான், கீழே போட்டுவிடுவேன் என்பான். அந்த அம்மாவும் விடமாட்டார். மகன் எதையாவது தட்டிவிட்டால், அன்னைக்கே கண்ணைத் தொறந்து நடந்திருந்தா இந்தக் கதி வந்திருக்குமா என்பார். சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு துண்டு வைப்பார். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

போன ஐப்பசியில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாளாக விடாத மழை. ஆறு பெருகுமோ என்று சந்தில் எல்லோரும் கட்டிலுக்குக் கீழே செங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கடைக்குப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். குறுகலான சந்து, முட்டிக்குக் கீழே கலங்கல் தண்ணீர். நான் முன்னால், அவன் செயற்கைக்காலோடு கைத்தடி ஊன்றிப் பின்னால். சந்து திரும்பும் இடத்தில் ஒரு கால்வாய் குறுக்கே ஓடும், மேலே சிமென்ட் பலகை போட்டிருக்கும். தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் சுழித்து இறங்கியது. பலகை உடைந்திருக்கிறது என்று நான் நினைப்பதற்கு முன்னால் என் கால் தாண்டிவிட்டது.

பின்னால் அவன் நின்றுவிட்டது தெரிந்தது. திரும்பினேன். அவன் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், நில்லு. எங்க வெச்ச காலை? தெரியல."

மலையில் அவனுக்குப் பேசக் கூடாது என்று உத்தரவு. அன்று கேட்க முடியாத கேள்வியைத்தான் இப்போது கேட்கிறான் என்று எனக்குத் தோன்றியது. அவனுக்கு அது தெரியாது.

"வைக்கலடா. தாண்டிட்டேன்."

"சொல்ல மாட்டியா? நான்பாட்டுக்கு வெச்சிருப்பேன்."

"அன்னைக்கும் தாண்டிட்டேன்" என்றேன்.

எந்த அன்னைக்கு என்று கேட்டான். சொன்னேன். கால்வாய்க்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கோதுமை ஒடிந்ததிலிருந்து சொன்னேன், வரப்புக்கு ஏறியதைச் சொன்னேன், மடையைச் சொன்னேன், அப்பாவின் மண்வெட்டிக் காம்பையும் சொன்னேன். கூடாரத்தில் கேட்ட கேள்வியையும் என் பதிலையும் சொன்னேன். தலைக்குமேல் ஏதோ ஒரு வீட்டு மாடிக்குழாயிலிருந்து மழைத்தண்ணீர் அவன் தோளில் கொட்டியது. அவன் நகரவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"அப்போ அங்க உன் தடமே இல்ல" என்றான்.

"இல்ல."

"நான் தேடுனேன் மச்சான். குனிஞ்சிகினு தேடுனேன். இல்ல. நமக்குத்தான் கண்ணு தெரியலன்னு நெனச்சி, குத்துமதிப்பா வெச்சேன்."

பேசக் கூடாது என்று உத்தரவு இருந்தது, அதனால்தான் அன்று நான் குரல் கொடுக்கவில்லை என்றேன். ஒன்பது வருடமாக மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் அது. வாயிலிருந்து வெளியே வந்ததும் அதன் லட்சணம் எனக்கே தெரிந்தது.

"அன்னிக்கு ஆர்டர், சரி" என்றான். "ஒம்போது வருசமா யாரு உனக்கு ஆர்டர் போட்டது?"

தாண்டுவதற்குக் கையை நீட்டினேன். அவன் பிடிக்கவில்லை. கைத்தடியைத் தண்ணீரில் விட்டு, பலகையின் உடைந்த விளிம்பைத் தட்டித் தட்டிப் பார்த்து, நல்ல பக்கத்தைக் கண்டுபிடித்து, அதில் கால் வைத்து அவனாகவே கடந்து வந்தான். இவ்வளவு கவனமாக நடக்கிறவனையா ஒன்பது வருடம் அப்படி நம்பவிட்டேன் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைக் கடந்து போய் நின்று, திரும்பாமலே சொன்னான்.

"வா. எங்கம்மா கைல சொல்லு. நீதான் சொல்லணும்."

வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வா நைனா, நனைஞ்சிட்டியே என்று அந்த அம்மா துண்டை எடுத்து முதலில் என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. வாசற்படியிலேயே நின்று சொன்னேன். சந்தில் சொன்னதைவிடச் சுருக்கமாகவே வந்தது. போகக் கூடாத வழியில் கூட்டிப்போனது நான். தாண்டச் சொல்லாமல் விட்டது நான். உங்கள் மகன்மேல் பழி எழுதியபோது கையெழுத்துப் போட்டதும் நான்.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். கரண்டி கையிலேயே இருந்தது.

"அப்போ எம்புள்ள பாத்துத்தான் நடந்தானா?" என்றார்.

"பாத்துத்தாம்மா நடந்தான்."

அவர் கரண்டியை வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகனின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. என்னிடம் நீட்டிய அதே துண்டால், சேறு அப்பியிருந்த அந்தச் செயற்கைக்காலை அவர் துடைக்க ஆரம்பித்தார். பாத்துத்தான் நடந்திருக்கான், எம்புள்ள பாத்துத்தான் நடந்திருக்கான் என்று சொல்லிச் சொல்லித் துடைத்தார். என்னை யாரும் போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நான் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, திரும்ப வந்து வாசற்படியிலேயே நின்றேன்.